ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய் நாற்காலி இடுப்பு வலியைத் தீர்க்குமா?

கேள்வி: திருச்சியில் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம் கணினி முன் அமர வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகச் சாப்பாட்டு மேசையும் அதனுடன் வந்த மர நாற்காலியும்தான் என் அலுவலகம். சில மாதங்களாக மாலையானால் இடுப்பு வலிக்கிறது, தோள்பட்டை இறுகிப்போகிறது. கடையில் 58,000 ரூபாய்க்கு ஓர் எர்கோனாமிக் (உடலமைப்புக்கு ஏற்ப வடிவமைத்த) நாற்காலியைக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன், சுகமாகத்தான் இருந்தது. ஆனால் இருக்கையை முழுதாக இறக்கிய பிறகும் குதிகால் தரையில் சரியாகப் பதியவில்லை. என் உயரம் ஐந்து அடி. ஒரு நாற்காலிக்கு இவ்வளவு பணமா என்று வீட்டில் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த நாற்காலியை நீங்கள் வாங்க வேண்டாம். விலை அதற்குக் காரணம் அல்ல. உங்கள் குதிகால் தரையில் பதியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே போதுமான காரணம்.

நம் வீடுகளில் உள்ள சாப்பாட்டு மேசைகள் பெரும்பாலும் இரண்டரை அடி, அதாவது ஏறத்தாழ 75 செ.மீ. உயரம் கொண்டவை. ஐந்து அடி உயரமுள்ளவர் பாதம் முழுதும் தரையில் பதிய உட்கார வேண்டுமானால், இருக்கை 38 முதல் 40 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அப்படி உட்காரும்போது முழங்கை தரையிலிருந்து 60 செ.மீ. அளவில்தான் இருக்கும். மேசையோ அதைவிட அரை அடி உயரத்தில் நிற்கிறது. எனவே நாள் முழுவதும் தோளைத் தூக்கியபடி தட்டச்சு செய்கிறீர்கள். தோள்பட்டை இறுகுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். தோளைக் காப்பாற்ற நாற்காலியை உயர்த்தினாலோ கால் தொங்கும், இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தும், முதுகு சாய்மானத்தை விட்டு முன்னே நகர்ந்துவிடும். கடைகளில் உள்ள பெரும்பாலான அலுவலக நாற்காலிகள் 42 செ.மீ.க்குக் கீழே இறங்குவதில்லை. மேசைக்கு ஏற்ப இருக்கையை உயர்த்தவும் வேண்டும். ஆகவே எந்த நாற்காலி வாங்கினாலும் உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு செ.மீ. உயரமுள்ள ஒரு கால்மணை தேவைப்படும். வீட்டில் பழைய மணை இருந்தால் இன்றைக்கே வைத்துப் பாருங்கள். மடிக்கணினியில் வேலை செய்பவராக இருந்தால், திரை கண் மட்டத்துக்கு வரும்படி அதன் அடியில் நான்கு புத்தகங்களை அடுக்கி, தனி விசைப்பலகை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற இந்த மாற்றத்தைச் செய்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வலி எந்த அளவில் இருக்கிறது என்று கவனியுங்கள்.

அதன் பிறகும் நாற்காலி தேவைதான். எட்டு மணி நேர வேலைக்கு மர நாற்காலி பொருந்தாது. ஆனால் விலை ஏற ஏற எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஏழெட்டாயிரம் ரூபாய் வரையிலான நாற்காலிகளில் உயரத்தை மாற்றலாம், பின்னால் ஆடலாம்; அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது. பதினைந்து முதல் இருபத்தைந்தாயிரம் வரை உள்ளவற்றில்தான் உடம்புக்கு உண்மையில் பயன்படும் வசதிகள் வருகின்றன: இடுப்புத் தாங்கியை மேலும் கீழும் நகர்த்தலாம், கைப்பிடியை ஏற்றி இறக்கலாம், சிலவற்றில் இருக்கையையே முன்னும் பின்னும் தள்ளலாம். சாய்மானத்தைச் சாய்க்கும்போது இருக்கை அதைவிடக் குறைவாகச் சாய்ந்து உடன் வருகிற ‘சின்க்ரோ டில்ட்’ அமைப்பும் இந்த விலையில் கிடைக்கிறது. இதற்கு மேல் கொடுக்கும் தொகையில் பெரும்பகுதி அலுமினிய அடிப்பாகம், உயர்தர வலைத்துணி, நீண்ட கால உத்தரவாதம் ஆகியவற்றுக்குப் போகிறது.

அவற்றுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டு உத்தரவாதத்துடன் வருகிற 58,000 ரூபாய் நாற்காலியில் ஆண்டுக்கு 280 நாள் உட்கார்ந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 ரூபாய் ஆகிறது. ஐந்து ஆண்டு உழைக்கிற 20,000 ரூபாய் நாற்காலிக்கு 14 ரூபாய். உடம்புக்குப் பொருந்தினால், பழுதுபார்க்க உள்ளூரில் ஆள் இருந்தால், விலை உயர்ந்த நாற்காலி வீண் செலவு ஆகாது. ஆனால் பொருந்த வேண்டும். ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1994இல் வெளியிட்ட ஏரான் நாற்காலி, நம் நாட்டில் லட்ச ரூபாய்க்கு மேல் விற்பது, ஏ, பி, சி என மூன்று அளவுகளில் செய்யப்படுகிறது. அவ்வளவு விலை வைப்பவர்களே ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது என்று ஒப்புக்கொண்டு தயாரிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கடைக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். வீட்டில் வெறுங்காலோடுதான் வேலை செய்கிறோம். குதி உயர்ந்த செருப்போடு சோதித்தால் இரண்டு மூன்று செ.மீ. கணக்குத் தவறிவிடும். முதுகைச் சாய்மானத்தில் முழுதாகப் பொருத்தியபின், இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பின்னால் சாயும்போது பாதம் தரையை விட்டு எழும்பினால் அந்த நாற்காலி உங்களுக்கு ஆகாது. குறைந்தது இருபது நிமிடம் உட்காருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் எழுந்திருக்க வேண்டாம். ‘பிஃப்மா’ சான்று பெற்றது என்று சொல்வார்கள். அது நாற்காலி உடையாமல் உழைக்குமா, கவிழாமல் நிற்குமா என்பதற்கான சோதனை, உங்கள் இடுப்புக்கு இதமாக இருக்கும் என்பதற்கு உறுதிமொழி அல்ல.

ரெக்சின் உறை வேண்டாம், வலைத்துணியே நல்லது. சில ஆண்டுகளுக்கு முன் பதினாறாயிரம் ரூபாய் கொடுத்து நான் வாங்கிய நாற்காலியின் ரெக்சின், மூன்றாவது கோடையில் கறுப்புச் செதில்களாக உரியத் தொடங்கியது. மொசைக் தரையில் தினமும் கூட்டி அள்ளினோம். வெள்ளைச் சட்டையின் முதுகிலும் ஒட்டிக்கொண்டது. உறைக்கு உத்தரவாதம் இல்லை என்பது ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை அப்போதுதான் படித்தேன்.

ஆக, இருபதாயிரம் ரூபாய் அளவில், இடுப்புத் தாங்கியும் கைப்பிடியும் நகர்கிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். இதை எந்த நாற்காலியும் ஈடுசெய்யாது. வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினாலோ பாதம் மரத்துப்போனாலோ, நாற்காலி வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் 11,500 ரூபாய்க்கு வாங்கிய நாற்காலியில் ஏழே மாதத்தில் இருக்கையை ஏற்றி இறக்கும் ‘ஹைட்ராலிக்’ போய்விட்டது, உட்கார்ந்ததும் தானாகக் கீழே இறங்குகிறது. மூன்று ஆண்டு உத்தரவாதம் இருந்தும், அந்தப் பாகத்துக்கு அது பொருந்தாது என்று விற்பனையாளர் மறுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வாங்கியபோது விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக்குக்கு விலக்கு உண்டு என்று அங்கே குறிப்பிடாமல் ‘மூன்று ஆண்டு உத்தரவாதம்’ என்று மட்டும் போட்டிருந்தால், உங்கள் பக்கம் வலுவானது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். நாற்காலி இறங்குவதையும் காணொளியாக எடுங்கள். பிறகு தொலைபேசியில் வாதாடுவதை நிறுத்திவிட்டு, பாகத்தை மாற்றித் தரும்படி நாள் குறித்து மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அதுவும் பலிக்காவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்பனையாளர் வேறு மாநிலத்தில் இருப்பது இதற்குத் தடையாகாது. அதுவரை அந்த நாற்காலியை வெளியில் கொடுத்துப் பழுதுபார்க்க வேண்டாம். வேறொருவர் கைவைத்துவிட்டார் என்று சொல்லித் தட்டிக்கழிக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.