சாலமாண்டரை வளர்த்து விடுவது: கேள்வி பதில்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, காரையார் ஓடையோரம் வழவழவென்று ஒன்று ஓடியது. சாலமாண்டரா?

இல்லை. இந்தியாவில் சாலமாண்டர் இருப்பது டார்ஜிலிங் மாதிரி கிழக்கு இமயமலை, வடகிழக்கு மலைகள் பக்கம்தான். நீங்கள் பார்த்தது அரணையாக இருக்கும். செதில் தெரிந்தால் அது ஊர்வன. சாலமாண்டர் பல்லி உருவில் இருந்தாலும் தவளைக்குத்தான் சொந்தம், அதைப் போலவே ஈரத்தோல். நம் பொதிகை மலையில் அதற்குச் சொந்தம், காலில்லாத சிசிலியன். மண்ணுக்குள் கிடக்கும். யாரையும் ஒன்றும் செய்யாது. பாம்பென்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

தென்காசி: சாலமாண்டர் முட்டையை எடுத்துவந்து தொட்டியில் வளர்த்து விடுகிறார்களாமே. அதன் போக்கில் விட்டால் என்ன?

அமெரிக்காவில் புளோரிடா பக்கம் ஃபிளாட்வுட்ஸ் சாலமாண்டர் என்று ஒன்று. மழைக்கு முன்பே வறண்ட குளத்துக்குள் இறங்கி, புல் தூரடியில் முட்டையிடும். முட்டைக்குள் குஞ்சு உருவாகி, தண்ணீர் வந்து மூடும்வரை பொரிக்காமல் காத்துக் கிடக்கும். நம் கரிசல்காட்டுப் புழுதி விதைப்பு மாதிரிதான். மழை பொய்த்தால் அவ்வளவும் போச்சு. மழை பெய்தாலும், செவுள் மறைந்து கரையேற மூன்று நான்கு மாதம் தண்ணீர் நிற்க வேண்டும். முன்பு குளங்கள் நிறைய இருந்தன, ஒரு வருஷம் தப்பினாலும் இனம் தாங்கியது. இப்போது மிஞ்சியவை கொஞ்சம். அதனால் புல்லை விலக்கி முட்டைகளைத் தேடியெடுத்து, மாட்டுத் தொட்டிகளில் நீர்ப்பூச்சிகளை இரையாகக் கொடுத்து வளர்த்து, அதே குளத்தங்கரையில் விடுகிறார்கள்.

பாளையங்கோட்டை: எத்தனை விட்டால் இனம் மீளும்?

முதலில் குளத்தைப் பாருங்கள். புளோரிடாவில் பல காலம் காட்டுத்தீயைத் தடுத்ததில் குளத்துக்குள் புதர் மண்டி, நிழல் விழுந்து, புல் அழிந்தது. புல் இல்லாவிட்டால் முட்டையிட இடம் ஏது? அங்குள்ள எக்லின் விமானப்படைத் தளத்துக் குளங்களில் புதரை வெட்டி, திட்டமிட்டுத் தீ வைத்து, அதோடு சேர்த்துத்தான் குஞ்சும் விடுகிறார்கள். குளத்தைச் சீர்செய்யாமல் குஞ்சு விடுவது வீண். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

விக்கிரமசிங்கபுரம்: வீட்டில் வளர்க்கும் ஆக்சலாட்டில் என்ற நீர்வாழ் சாலமாண்டர் குஞ்சு பொரித்தால் தாமிரபரணியில் விடலாமா?

வேண்டவே வேண்டாம். அதன் ஊர் மெக்சிகோவின் சொச்சிமில்கோ கால்வாய்ப் பகுதி. அங்கே 1998இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தது, 2014இல் 36 ஆகிவிட்டது. அங்கேயே வளர்த்த 18 ஆக்சலாட்டில்களை விட்டுப் பார்த்தார்கள். கண்காணித்த காலம்வரை பிழைத்தன, மறுபடி பிடித்துப் பார்த்தவை இரை தின்று எடையும் கூடியிருந்தன. அது அவற்றுக்கு ஏற்ற குளிர்ந்த தண்ணீர். நம் வெயிலுக்கு ஆக்சலாட்டில் தாங்காது. சாகுமுன் நோயை நம் தவளைகளுக்கு ஒட்டவைத்துவிடவும் கூடும். தோலைத் தின்னும் ஒரு பூஞ்சை, ஆசியாவிலிருந்து வளர்ப்புப் பிராணி வியாபாரத்தோடு போய், நெதர்லாந்துச் சாலமாண்டர்களைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தது. அதனால்தான் வளர்த்து விடும் இந்த வேலையில் பஞ்சுக்குச்சியால் சாலமாண்டரின் வயிற்றையும் பாதத்தையும் ஒற்றியெடுத்துச் சோதிக்கிறார்கள். தொட்டித் தண்ணீரைக்கூட ஆற்றில் கொட்டாதீர்கள்.

களக்காடு: சரி, எங்கள் குட்டையில் தவளை குறைந்துவிட்டதே. வேறு இடத்திலிருந்து பிடித்துவந்து விடலாமா?

வேண்டாம். கரையில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துங்கள், ஓரப்புல்லைச் செதுக்காதீர்கள். அப்புறம், ஆப்பிரிக்கக் கெளுத்தி இருந்தால் முதலில் அதைப் பிடித்து வெளியேற்றுங்கள். அக்கம்பக்கத்தில் தவளை இருந்தால் ஐப்பசி மழைக்குத் தானாக வந்து முட்டையிடும்.