மெஷினைத் தெரிந்தவரா, வேலையைத் தெரிந்தவரா?

கேள்வி: அண்ணே, மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ரேடியாலஜி படிக்க ஆசைப்படுகிறாள். ஸ்கேன் பார்க்கிற வேலையை ஏஐ பிடுங்கிக்கொள்ளும் என்று பெரிய விஞ்ஞானியே சொல்லிவிட்டாராம், வேண்டாம் என்கிறார் அவள் அப்பா. ஏஐ கம்பெனிக்காரர்களோ எதற்கும் பயப்பட வேண்டாம் என்கிறார்கள். யாரை நம்புவது?
– ஒரு ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, அந்த விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன். 2023-ல் கூகுளை விட்டு வெளியே வந்து ஏஐ ஆபத்துகளைப் பற்றி மனம் விட்டுப் பேசுகிறவர், 2024-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். மெஷின் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று அவர் சொன்னால் நான் கைகட்டிக் கேட்பேன். ஆனால் ரேடியாலஜிஸ்ட்களைப் படிக்க வைப்பதையே நிறுத்தலாம், ஐந்து வருஷத்தில் மெஷின் முந்திவிடும் என்று அவர் சொன்னது 2016-ல். அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, ரேடியாலஜிஸ்ட் கிடைக்காமல் இன்னும் ஆஸ்பத்திரிகள் திண்டாடுகின்றன. பொத்தாம் பொதுவாகப் பேசிவிட்டதாக அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். மெஷினைத் தெரிந்தவருக்கு ஆஸ்பத்திரி வேலையும் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் தப்பு.

சரி, கம்பெனிக்காரர்கள். 1924-ல் அமெரிக்காவில், அப்போது பெட்ரோலில் சேர்த்த ஈயத் திரவத்தால் ஆலைத் தொழிலாளிகள் செத்தபோது, அதைப் பெட்ரோலில் சேர்க்கலாம் என்று கண்டுபிடித்த கம்பெனிக்காரர் தாமஸ் மிட்ஜ்லி, ஆபத்தில்லை என்று காட்ட, நிருபர்கள் முன்னால் அதிலேயே கையைக் கழுவி, மோந்தும் காட்டினார். அவருக்கே அதற்கு முந்தைய வருஷம் ஈய விஷம் ஏறி ஓய்வெடுக்க வேண்டியிருந்தது! மறுவருஷம் அரசாங்கம் கூட்டிய கூட்டத்தில் இது ஆபத்து என்று எச்சரித்தவர் ஆலிஸ் ஹாமில்டன், தொழிலாளிகளின் வீட்டுக்கே போய் நோயை விசாரித்த டாக்டர். நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் ஒழிய 2000 ஆனது.

யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிய ஆத்தங்குடி வரை வந்தால் போதும். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வர்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றித் தரைக்கல் போடுகிறார்களே, அந்தக் கல் எத்தனை வருஷம் பளபளக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்லட்டும், ஈரச் சிமென்ட் என்ன செய்யும் என்பதைக் கல் போடுகிறவரிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்டபோது ஒருவர் வாயே திறக்கவில்லை, வெடித்திருந்த விரலிடுக்கை விரித்துக் காட்டினார்.

அதனால், மகளை ஏஐ மென்பொருள் ஓடுகிற ஸ்கேன் சென்டர் ஒன்றில் ஒரு வாரம் உட்காரச் சொல்லுங்கள், ஆச்சி. அங்கே ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரிடம் அது எதைத் தவறவிடுகிறது, அப்படித் தவறவிட்ட ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்கட்டும். அப்புறம் அவள் அப்பாவிடம் பேசலாம்.