காணாமல் போன கட்டம்: கேள்வி பதில்

கேள்வி: 13க்கு 5 முக்கோணத்தின் நான்கு துண்டுகளை மாற்றி அடுக்கினால் ஒரு கட்டம் காலியாகிறதே, அது எங்கே போகிறது?

துண்டுகளின் பரப்பைக் கூட்டுங்கள். முக்கோணங்கள் 12, 5. படிக்கட்டு போன்ற துண்டுகள் 7, 8. மொத்தம் 32. ஆனால் 13க்கு 5 செங்கோண முக்கோணத்தின் பரப்பு 32.5. அதாவது, முதல் படமே முக்கோணம் இல்லை. பெரிய துண்டின் சாய்வு 3/8, அதாவது 0.375, சின்னதன் சாய்வு 2/5, அதாவது 0.4. இரண்டும் ஒரே கோட்டில் நிற்காது. முதல் அடுக்கில் கர்ணம் லேசாக உள்ளே வளைந்து அரைக் கட்டம் குறைகிறது. இரண்டாவதில் வெளியே புடைத்து அரைக் கட்டம் கூடுகிறது. இரண்டு அரையும் சேர்ந்ததுதான் அந்தக் காலிக் கட்டம். அமெரிக்க வித்தைக்காரர் பால் கர்ரி 1953இல் அமைத்த அழகான புதிர் இது. எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: படத்தை நம்பாதீர்கள், சாய்வைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: 8க்கு 8 சதுரத்தை வெட்டி 5க்கு 13 செவ்வகமாக்கினால் 64 எப்படி 65 ஆகிறது?

அதே இரண்டு சாய்வுகள்தான். இங்கே மூலைவிட்டத்தை ஒட்டி ஒல்லியான இணைகரம் ஒன்று திறந்து கிடக்கிறது. அதன் பரப்பு சரியாக 1. ஆனால் நீளம் கிட்டத்தட்ட 14. கட்டம் 1 செ.மீ. என்றால், துண்டின் முனை மூலைவிட்டத்திலிருந்து 0.7 மி.மீ.தான் விலகும். தடித்த பென்சில் கோடே அதை மறைத்துவிடும்.

கேள்வி: சாக்லேட்டை வெட்டி வெட்டி முடிவில்லாமல் சாப்பிடும் காணொளி உண்மையா?

இல்லை. வெட்டு சாய்வாகப் போகிறது. வெட்டுப்பட்ட வரிசையின் கட்டங்கள் குட்டையாகின்றன. வெட்டும் முன்பும் பின்பும் உயரத்தை அளந்து பாருங்கள்.

கேள்வி: நான் அட்டையில் துல்லியமாக வெட்டினேன், இடைவெளியே இல்லை. பரப்பு கூடத்தானே செய்கிறது?

கூடாது. இரண்டாவது பதிலைப் படியுங்கள். சாய்வைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: சதுரத்தின் பக்கம் 8ஐ 5, 3 என்று பிரிப்பதால்தான் பிசகு. பொன் விகிதத்தில் (சுமார் 1.618) பிரித்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். ஆகவே ஃபிபனாச்சி எண்களுக்கு (1, 1, 2, 3, 5, 8, 13 என முந்தைய இரண்டின் கூட்டாக வளர்பவை) இதில் வேலையே இல்லை என்கிறேன்.

முதல் பாதி மிகச் சரி. 8ஐ 4.944, 3.056 என்று பிரியுங்கள். இரண்டு சாய்வும் 0.382 ஆகிவிடும். செவ்வகம் 4.944க்கு 12.944, பரப்பு அதே 64. இடைவெளி துளியும் கிடையாது. முழு வித்தையும் 5க்கும் 4.944க்கும் இடையில்தான் இருக்கிறது!

இரண்டாம் பாதியை ஏற்க மாட்டேன். அடுத்தடுத்த ஃபிபனாச்சி எண்களின் விகிதம் பொன் விகிதத்தை நெருங்கிக்கொண்டே போகும். ஒருபோதும் அதைத் தொடாது. கட்டத்தாளில் முழு எண்களாகவே வெட்டியும் கண்ணுக்குப் பிசகு தெரியாமல் இருப்பது அதனால்தான். அடுத்தடுத்த மூன்று ஃபிபனாச்சி எண்களில் நடு எண்ணின் வர்க்கமும் இருபக்க எண்களின் பெருக்கலும் எப்போதும் சரியாக 1 வேறுபடும். 13க்கு 13 சதுரத்தை எடுங்கள்: 169, செவ்வகம் 8க்கு 21, அதாவது 168. இம்முறை ஒன்று குறைகிறது, ஏனென்றால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. எண்கள் பெரிதாகப் பெரிதாக அந்த 1 இன்னும் நீண்ட கோட்டில் பரவும். 8ஐ 4, 4 என்று பிரித்துப் பாருங்கள், யாரும் ஏமாற மாட்டார்கள்.

கேள்வி: ஒரு கோளத்தை வெட்டி இரண்டு கோளம் செய்யலாம் என்கிறார்களே?

அது பனாக், டார்ஸ்கி 1924இல் நிறுவியது. அந்தத் 'துண்டு'களுக்குக் கன அளவே வரையறுக்க முடியாது; கத்தரிக்கோலால் வெட்ட முடிந்தவை அல்ல. கணக் கோட்பாடு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அந்தச் சாக்லேட் காணொளி...

மூன்றாவது பதில்.