செய்திகளில் ‘17 வயதுச் சிறுவன்’ என்று மட்டும் எழுதுவது ஏன்?

அம்பாசமுத்திரத்தில் ஒரு திருட்டு வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிபட்ட பெரியவர்களின் பெயர்கள் நாளிதழில் வரும்; உடனிருந்தவன் மட்டும் ‘17 வயதுச் சிறுவன்’. காரணம், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 18 வயது நிரம்பாதவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது அதன் 74ஆம் பிரிவு.

அடையாளம் என்பது பெயர் மட்டுமல்ல. முகவரி, பள்ளி, படம், ஆள் இன்னார் என்று காட்டும் எந்த விவரமும் அதில் அடங்கும். ‘வாய்க்கால் தெரு டீக்கடைக்காரர் மகன், பத்தாம் வகுப்பு’ என்றாலே போதுமே, சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்! நாளிதழ், தொலைக்காட்சியோடு பிற தொடர்பு வழிகளையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. ஆகவே கோபத்தில் பையனின் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் சாட்சியான குழந்தைக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

பத்தமடையில் பாய் நெய்யக் கோரைக்குச் சாயம் ஏற்றுவார்கள். ஏறிய சாயத்தைக் கழுவி எடுக்க முடியாது. பதினாறு வயதில் ‘திருடன்’ என்று ஊர் ஏற்றும் சாயமும் அப்படித்தான். திருந்தி வந்தாலும் அவனைப் பள்ளியில் சேர்க்கவும் வேலைக்கு எடுக்கவும் தயங்குவார்கள். அந்தத் தயக்கமே பல பிள்ளைகளைப் பழைய கூட்டத்துக்குத் திருப்பி அனுப்புகிறது.

பெயரை மறைத்தால் தண்டனையே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியல்ல, விசாரணை நடக்கும், சிறார்களைச் சீர்திருத்தும் சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு வரை வைக்கலாம், கொடுங்குற்றமானால் 16 வயது நிரம்பியவரைப் பெரியவரைப் போலவே விசாரிக்கவும் சட்டத்தில் வழி உண்டு.