கடுமையான தடுப்பாட்டக்காரர்களை ரசிகர்கள் ஏன் மறப்பதில்லை?

இங்கிலாந்தின் செல்சி கால்பந்து அணியின் மூத்த ரசிகர்கள், கோலடித்தவர்களுக்கு இணையாகத் தடுப்பாட்டக்காரர் ரான் ஹாரிஸைப் போற்றுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 1962 முதல் 1980 வரை அந்த அணிக்காக 795 ஆட்டங்களில் ஆடியவர் அவர். அந்த அணிக்காக அதிக ஆட்டங்களில் ஆடியவர் அவரே. ஆயினும் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பேசுவது ஒரே ஒரு மோதலைப் பற்றித்தான். இங்கிலாந்து அணிகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் 1970 இறுதியாட்டம் 2-2 எனச் சமனில் முடிந்தபின், அதில் செல்சியைத் திணறடித்திருந்த எதிரணியான லீட்ஸின் வீரர் எடி கிரேயை, ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் நடந்த மறு ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஹாரிஸ் காலில் உதைத்துச் சாய்த்தார். கிரேயின் வேகம் அத்துடன் அடங்கியது, செல்சி 2-1 என வென்றது.

அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சேலத்தின் காய்ந்த செம்மண் திடலில் வலப்புறத் தடுப்பாட்டக்காரனாக ஆடியவன் என்ற முறையில், அந்த நினைவின் வேர் எனக்குப் புரிகிறது: எங்கள் மண்ணில் ஒருமுறை சறுக்கினால் தொடைத்தோல் உரிந்துவிடும், ஏற்காட்டின் நனைந்த புல்லிலோ சறுக்குவது எளிது, குறித்த இடத்தில் நிற்பதுதான் கடினம். தன் உடம்பைப் பணயம் வைத்துப் பந்தைப் பறிப்பவரை, பார்ப்பவர்கள் தங்களுக்காக அடிபட்டவராகவே கருதுகிறார்கள்.

இன்றைய விதிப்படி, எதிராளிக்கு நேரும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் மோதினால் மஞ்சள் அட்டை. அளவுமீறிய பலத்தைப் பயன்படுத்தினால், பந்து காலில் பட்டிருந்தாலும், சிவப்பு அட்டை. ஹாரிஸ் அன்று செய்ததற்கு இன்று நிச்சயம் வெளியேற்றப்பட்டிருப்பார்.