'இக்துப்' ஏன் தவறு?

கேள்வி: 'எழுது' என்பதற்கு அரபியில் 'இக்துப்' என்றேன். ஆசிரியர் 'உக்துப்' என்று திருத்தினார். 'எழுதாதே' என்பதற்கு 'லா உக்துப்' என்றேன், அதுவும் தவறாம். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: தமிழில் வினையடியே ஏவல், 'எழுது' என்றால் போதும். அரபியில் ஏவல், முன்னிலை நிகழ்காலத்திலிருந்து பிறக்கிறது. 'கதப' (அவன் எழுதினான்) என்பதிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான், 'தக்துபு' (நீ எழுதுகிறாய்) என்பதை எடுங்கள். முன்னாலுள்ள 'த'வை நீக்கி, கடைசி எழுத்துக்கு ஸுகூன் (உயிரொலி இல்லை என்று காட்டும் குறி) போடுங்கள். மிஞ்சுவது 'க்துப்'. அரபியில் எந்தச் சொல்லும் உயிரில்லாத எழுத்தில் தொடங்காது. நாம் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்கிறோமே, அதுபோல முன்னால் ஒரு ஹம்ஸா (உயிரொலியைத் தாங்கும் எழுத்து) வரும். உங்கள் பிழை இந்த இடத்தில்தான். வேரின் நடு எழுத்துக்கு (இங்கே 'து') பேஷ், அதாவது உகரக் குறி, இருந்தால் ஹம்ஸாவுக்கும் பேஷ்: உக்துப், உத்குல் (நுழை). ஜபரோ (அகரக் குறி) ஜேரோ (இகரக் குறி) இருந்தால் ஹம்ஸாவுக்கு ஜேர்: இஃப்தஹ் (திற), இஜ்லிஸ் (உட்கார்). குர்ஆனில் முதலில் இறங்கிய சொல்லான 'இக்ரஃ' (ஓது) இந்த வகைதான்.

'த'வை நீக்கியதும் சொல் உயிரோடு தொடங்கினால் ஹம்ஸா வேண்டாம். 'ததஅல்லமு' என்பது 'தஅல்லம்' (கற்றுக்கொள்) ஆகும். 'தகூலு' என்பதில் நெடில் குறுகி 'குல்' (சொல்) ஆகிறது. 'சாப்பிடு' என்பதும் தமிழ் எழுத்தில் 'குல்'தான்! 'சொல்' என்பதற்கு அடிநாக்கில் பிறக்கும் காஃப் (ق) என்ற எழுத்து. அதைச் சரியாக ஒலிக்காவிட்டால் பொருளே மாறிவிடும். 'சாப்பிடு', 'எடு' (குத்) இரண்டும் விதிவிலக்கு, அப்படியே மனப்பாடம் செய்யுங்கள்.

அப்புறம், 'எழுதாதே'. அரபியில் ஏவல் வடிவத்தின் முன் 'லா' சேராது. 'த' அப்படியே இருக்க, கடைசி உகரம் மட்டும் போகும்: 'லா தக்துப்'. தமிழிலும் 'இல்லை எழுது' என்று சொல்வதில்லை அல்லவா? பெண்ணிடம் உக்துபீ, லா தக்துபீ. பலரிடம் உக்துபூ, லா தக்துபூ.

பெரியவரிடம் 'எழுதுங்கள்' என்று சொல்லிப் பழகிய நாம், அவர் ஒருவரிடமே 'உக்துபூ' என்றுவிடுகிறோம். இலக்கண அரபியில் ஒருவருக்கு ஒருமையே வழக்கம். மரியாதைக் குறைவு இல்லை. இறைவனிடம் கேட்கும் 'ரப்பி ஸித்னீ இல்மா' (இறைவா, எனக்கு அறிவை அதிகமாக்கு) என்பதிலும் 'ஸித்' ஒருமை ஏவல் வடிவம்தான். பணிவு காட்ட விரும்பினால் ஆணிடம் 'மின் ஃபள்லிக', பெண்ணிடம் 'மின் ஃபள்லிகி' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.