சீஸ் பிரெட் சுடப் போகிறீர்களா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஹெர்ப்ஸும் சீஸும் போட்ட பிரெட்டை வீட்டில் சுட, வாங்க வேண்டியவை ஐந்தாறு பொருட்கள்தான். ஆனால் கடையில் ஒவ்வொன்றிலும் பத்து வகை அடுக்கியிருக்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

கேள்வி: சீஸ் பிரெட்டுக்கு மொஸரெல்லா வாங்குவதா, செடார் வாங்குவதா? 200 கிராம் மொஸரெல்லா போட்டுச் சுட்டேன். சீஸ் போட்ட பிரெட் என்று நான் சொல்லித்தான் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

பதில்: உருகுவதும் நூலாக இழுபடுவதும்தான் மொஸரெல்லாவின் பலம். அது சூடாகத் தட்டில் இருக்கும்வரைதான். பிரெட்டை நாம் பெரும்பாலும் ஆறிய பிறகுதான் சாப்பிடுகிறோம், அப்போது அது சவ்வாக இறுகிவிடும். இயல்பிலேயே அதன் சுவை மென்மையானது. மாவுக்குள் போனால் இருக்கும் இடமே தெரியாது. போதாததற்கு அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். சூட்டில் அந்த ஈரம் வெளியேறி, சுற்றியிருக்கும் பிரெட்டை நசநசவென்று ஆக்கிவிடும்.

செடாரில் ஈரம் 40 சதவீதத்துக்கும் குறைவு. பார்மெசான் போன்ற கெட்டி சீஸில் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஈரம் குறையக் குறைய, நாள் முற்ற முற்ற, ருசி ஏறும். அதனால் செடார் வாங்கும்போது 'மைல்ட்' என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு 'ஷார்ப்' அல்லது 'மெச்சூர்' என்றிருப்பதை எடுங்கள். கிராமுக்குக் கூடுதல் விலைதான், ஆனால் குறைவாகப் போட்டாலே போதும். 500 கிராம் மாவுக்கு முற்றிய செடார் 120 கிராம், பார்மெசான் வகை 30 கிராம் என்பது என் கணக்கு. 200 கிராம் மொஸரெல்லாவில் வராத மணம் இதில் வரும்.

அப்புறம், வாங்கிய சீஸ் முழுவதையும் துருவிவிடாதீர்கள். துருவியது மாவோடு கரைந்து மணம் தரும், கண்ணுக்குத் தெரியாது. பாதியைத் துருவி, மீதியை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். வெட்டும்போது உருகிய சீஸ் தேங்கிய குழிகள் தெரிவது அந்தத் துண்டுகளால்தான். இரண்டையும் மாவை நன்றாகப் பிசைந்து முடித்த பிறகு சேருங்கள். முதலிலேயே சேர்த்தால் கொழுப்பு குறுக்கே வந்து மாவு இழுவை பிடிக்கத் தாமதமாகும்.

கேள்வி: பாதி விலைக்கு ஒரு 'சீஸ்' பாக்கெட் கிடைக்கிறது. அதே நிறம், அதே படம். எப்படி நம்பி வாங்குவது?

பதில்: முன்பக்கத்துப் படத்தை நம்ப வேண்டாம். திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர நெறியே அப்படித்தான் சொல்கிறது.

நிஜ சீஸின் பட்டியல் சின்னது: பால், உப்பு, கல்ச்சர் (பாலைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்), ரென்னெட் (பாலைத் திரிய வைக்கும் நொதி). செடாராக இருந்தால் சில சமயம் ஒரு நிறமி. 'ப்ராசஸ்டு' வகையில் முதலில் சீஸ் இருக்கும், அப்புறம் தண்ணீர், அதன்பின் 331, 339, 452 என்று எண்கள் வரும். அவை சீஸை எண்ணெய் பிரியாமல் உருக வைக்கும் உப்புகள். கெடுதல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது. மூன்றாவது வகையில் முதலில் தண்ணீரோ தாவர எண்ணெயோ, பிறகு ஸ்டார்ச். பால் கொழுப்புக்குப் பதில் எண்ணெய் ஊற்றிச் செய்தது அது. உங்கள் பாதி விலைப் பாக்கெட் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். பிரெட்டுக்குள் அது தருவது உப்பும் பிசுபிசுப்பும்தான். வாங்காதீர்கள்.

துருவி விற்கும் பாக்கெட்டில் 460 என்றோ உருளைக்கிழங்கு ஸ்டார்ச் என்றோ இருந்தால், அது இழைகள் ஒட்டாமலிருக்கத் தூவியது. 235 என்பது பூஞ்சையைத் தடுப்பது. பயப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் 100 கிராமுக்கு என்ன விலை என்று போட்டுப் பாருங்கள். கட்டியாக வாங்கித் துருவுவது பல சமயம் மலிவாகவே வரும், மணமும் கூடுதல்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒன்று: ரென்னெட் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்தும் எடுக்கப்படும், நுண்ணுயிர் வழியாகவும் தயாராகும். 'மைக்ரோபியல்' என்றோ, சைவ முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். இத்தாலியின் அசல் பார்மெசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் கன்று ரென்னெட்தான் போட வேண்டும் என்பது அதன் விதி. அதனால் அது ஒருபோதும் சைவமாகாது.

கேள்வி: சமையல் குறிப்பில் சொன்ன அளவுதான் உப்பு போட்டேன். ஆனாலும் கரித்துவிட்டது. ஏன்?

பதில்: சீஸில் இருக்கும் உப்பைக் கணக்கில் சேர்க்காததால். சாதாரண பிரெட்டுக்கு மாவின் எடையில் 2 சதவீதம் உப்பு, அதாவது 500 கிராம் மாவுக்கு 10 கிராம். இனி சீஸ் பாக்கெட்டில் 'சோடியம்' என்ற வரியைப் பாருங்கள். அந்த எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். செடாரில் 100 கிராமுக்கு 650 மில்லிகிராம் சோடியம் என்று வைத்துக்கொள்வோம். 150 கிராம் சீஸில் அது 975. பெருக்கினால் ஏறக்குறைய 2.4 கிராம் உப்பு. ஆகவே நீங்கள் தனியாகப் போட வேண்டியது ஏழரை கிராம்.

அதே இடத்தில் ப்ராசஸ்டு சீஸ் போட்டீர்கள் என்றால்? 100 கிராமுக்கு 1400 மில்லிகிராம் சோடியம் உள்ளவையும் உண்டு. 150 கிராமில் 5 கிராமுக்கு மேல் உப்பு. அங்கே தனி உப்பு 5 கிராமைத் தாண்டக் கூடாது. அதற்காக அடியோடு நிறுத்திவிடாதீர்கள். உப்பே இல்லாவிட்டால் மாவு வேகமாகப் பொங்கித் தளர்ந்துவிடும்.

கேள்வி: 'பிரெட் மாவு' என்று தனியாக விற்பதை வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: பெயரைவிடப் புரத அளவுதான் முக்கியம். 100 கிராமுக்கு 11.5 முதல் 13 கிராம் புரதம் இருக்கும் வெள்ளை மாவு எதுவானாலும் சரி. சீஸின் எடையையும் தாங்க வேண்டுமே, 9 கிராம் புரதம் மட்டுமே உள்ள மாவு அதற்குத் திணறும். முழுக்கோதுமை மாவில் இந்த எண் அதிகமாகவே இருக்கும், ஆனால் அதிலுள்ள தவிடு குறுக்கிடுவதால் அதே அளவு உப்பாது. பாதிக்குப் பாதி கலந்து கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. சில பாக்கெட்டுகளில் 30 கிராம் மாவுக்கு 3 கிராம் புரதம் என்று முழு எண்ணாக்கிப் போட்டிருப்பார்கள். உண்மையில் அது 2.5 ஆகவும் இருக்கலாம், 3.4 ஆகவும் இருக்கலாம். அதாவது 8 சதவீதத்திலிருந்து 11 சதவீதம் வரை எதுவும் சாத்தியம். 100 கிராம் கணக்குப் போட்டிருப்பதை எடுங்கள். வீட்டிலிருப்பது புரதம் குறைந்த மாவுதான் என்றால், 500 கிராமுக்கு 10 கிராம் கோதுமை குளூட்டன் (கோதுமையிலிருந்து பிரித்த புரதப் பொடி) சேர்த்தால் புரதம் ஒன்றரை சதவீதம் ஏறும்.

மாவை வலுவாக்கச் சேர்க்கும் பொட்டாசியம் புரோமேட், அல்லது அதன் எண்ணான 924, பொருள் பட்டியலில் கண்டால் அந்தப் பையை வைத்துவிடுங்கள். பல நாடுகள் அதைத் தடை செய்திருக்கின்றன. அது இல்லாமலே நல்ல பிரெட் வரும்.

கேள்வி: மலிவாக இருக்கிறதே என்று அரைக்கிலோ ஈஸ்ட் பாக்கெட் வாங்கினேன். முதலில் நன்றாக உப்பியது, இப்போது மாவு அசையவே மாட்டேன் என்கிறது. கடையில் கேட்கலாமா?

பதில்: முதலில் ஈஸ்டைச் சோதியுங்கள். அரை கப் வெதுவெதுப்பான தண்ணீர், 40 டிகிரி போதும். ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் ஈஸ்ட். 10 நிமிடத்தில் மேலே நுரை திரண்டு ஈஸ்ட் வாசனை வர வேண்டும். வரவில்லை என்றால் அது செத்துவிட்டது. தண்ணீர் 60 டிகிரியை நெருங்கினால் நல்ல ஈஸ்டும் செத்துப்போகும், அதனால் கை பொறுக்காத சூடு வேண்டாம்.

திறந்து வெளியே வைத்திருந்த பாக்கெட் என்றால் கடையைக் குறை சொல்ல முடியாது. காற்றும் ஈரமும் பட்டு வீரியம் போயிருக்கும். ஆனால் காலாவதி தேதிக்குள் இருக்கும் பாக்கெட், திறந்த அன்றே நுரைக்கவில்லை என்றால் தாராளமாகக் கேளுங்கள். பாக்கெட்டைத் தூக்கி எறியாமல், தொகுதி எண் தெரியும்படி படம் எடுத்து, ரசீதோடு போங்கள். நுரைக்காத கிண்ணத்தையும் ஒரு படம் எடுத்து வைத்தால் பேச்சு சுலபமாக முடியும்.

எப்போதாவது சுடுபவர்களுக்கு 7 கிராம் சின்னப் பொட்டலம்தான் லாபம். பெரியது வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள். வகை மாறினால் அளவும் மாறும்: இன்ஸ்டன்ட் 3 கிராம் என்றால் ஆக்டிவ் டிரை 4 கிராம், ஃப்ரெஷ் ஈஸ்ட் 10 கிராம்.

கேள்வி: உலர்ந்த ஹெர்ப்ஸ் வாங்குவதா, பச்சையாக வாங்குவதா? பூண்டும் சேர்க்க ஆசை.

பதில்: ரோஸ்மேரி, தைம், ஓரிகானோ மூன்றும் உலர்ந்தாலும் மணம் விடாதவை, ஓவன் சூட்டையும் தாங்கும். பேசிலும் பார்ஸ்லியும் உலர்ந்தால் சருகுதான், அவற்றைப் பச்சையாக வாங்குங்கள். பச்சை ஒரு டேபிள்ஸ்பூன் கேட்கும் இடத்தில் உலர்ந்தது ஒரு டீஸ்பூன். கலவைப் பாக்கெட் வாங்கினால் பட்டியலில் உப்பு முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹெர்ப்ஸ் விலைக்கு உப்பு வாங்குகிறீர்கள். வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் ஒரு சிட்டிகை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகருங்கள். மணமில்லாததைக் கூடுதலாகப் போட்டுச் சரிக்கட்ட முடியாது.

பூண்டைப் பச்சையாக நசுக்கி மாவில் நிறையப் போட்டால் ஈஸ்ட் மந்தமாகும். அதிலுள்ள அல்லிசின் கிருமிகளை மட்டுமல்ல, ஈஸ்டையும் அடக்கும். சுட்டோ வதக்கியோ சேருங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பூண்டையோ பச்சை ஹெர்ப்ஸையோ எண்ணெயில் ஊறப்போட்டு அடுப்படி மேடையில் வைக்கவே வைக்காதீர்கள். எண்ணெய்க்குள் காற்று இல்லாத இடத்தில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். வாசனையிலோ நிறத்திலோ தெரியாது. அன்றைக்கு வேண்டியதை அன்றே செய்யுங்கள். மிஞ்சினால் உடனே ஃப்ரிட்ஜ், சில நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: பிரெட் மெஷின் வாங்கலாமா?

பதில்: வாரம் இரண்டு மூன்று முறை சுடுவீர்கள் என்றால் வாங்கலாம். இல்லாவிட்டால் ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசும் ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானியும் போதும். ஓவனின் திருகில் 200 என்றிருந்தாலும் உள்ளே 180 இருப்பது சகஜம். சாதாரண மைக்ரோவேவில் பிரெட் சிவக்காது, சூடான காற்றைச் சுழற்றும் கன்வெக்‌ஷன் வசதி வேண்டும்.

கேள்வி: வாங்கிய சீஸ் கட்டியில் பூஞ்சை. எறிந்துவிடவா? சுட்ட பிரெட் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: செடார், பார்மெசான் போன்ற கெட்டி வகை என்றால் பூஞ்சையைச் சுற்றியும் அடியிலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். கத்தி பூஞ்சையில் படக் கூடாது. மென்மையான சீஸ், துருவிய சீஸ் என்றால் மொத்தமும் குப்பைக்குத்தான். கடையில் வாங்கியபோதே, தேதி மீதமிருக்க, பூஞ்சை இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பிரெட்டை முழுவதும் ஆறவிட்டு மூடி வைத்தால் வெளியே இரண்டு நாள். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஸ்டார்ச் சீக்கிரம் இறுகி விறைத்துவிடும். மீதியைத் துண்டு போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள். எடுக்கும்போது டோஸ்டரில் போட்டால் சீஸ் வடிந்து கம்பியில் கருகும், அதனால் தட்டில் பரப்பி 180 டிகிரி ஓவனில் எட்டு நிமிடம் வையுங்கள்.